ஒலி தெளிவில்லை

பாயான் லெப்பாஸில் இரவு பதினொன்று.
ஒஹாயோவில் காலை பதினொன்று.
அங்கே எல்லாரும் எழுந்து நின்று உட்கார்கிறார்கள்,
நாற்காலிகள் இழுபடும் சத்தம்.
இங்கே ஐந்தாம் மாடியில்
ஹெட்போனுக்குள் நான்.

பேசுவதைப் பேசியபடி தட்டச்ச வேண்டும்.
அழுதால் 'அழுகை'.
ஐந்து வினாடிக்கு மேல் பேச்சில்லையென்றால்
'மௌனம்', எவ்வளவு நேரமென்ற கணக்கோடு.
விளங்காவிட்டால் 'ஒலி தெளிவில்லை'.
கருத்துக்கு இடமில்லை. காற்புள்ளிக்கு உண்டு.

இன்றைக்கு, பத்தொன்பது வயதில்
பெட்ரோல் நிலையக் கல்லாக்காரரைச் சுட்டவன்.
முப்பத்தொரு வருடம் உள்ளே.
விடலாமா என்று கேட்கிறது வாரியம்.
ஒருவர் வேதவசனம் சொல்லி விடச் சொல்கிறார்.
ஒருவர் வேதவசனம் சொல்லியே விடாதே என்கிறார்.
பிறகு துப்பாக்கி வருகிறது, தோல் நிறம் வருகிறது,
பிறக்காத பிள்ளைகள் வருகிறார்கள்,
கைதி ஒருவன் சாப்பாட்டுக்கு என்ன செலவென்று
ஒரு பெரியவர் காசுக்கணக்காய்ச் சொல்கிறார்.
எல்லாருக்கும் ஒரே எழுத்தளவுதான் என்னிடம்.

பக்கத்து மேசை ஷூ ஃபெனுக்கு வேறு மாநிலம்.
எதைக் கொண்டு கொல்வது என்று மூன்று மணி நேரம்,
கொல்லலாமா என்று நாற்பது நிமிடம்.
கொய்யாவை ஆசாம் பொடியில் தொட்டுக்கொண்டே
அடித்து முடித்துவிட்டாள்.

இடைவேளையில் மைலோ இயந்திரத்தருகே
அஸ்ரினுக்குக் கோபம்:
அவன் மாமாவின் மோட்டார் திருட்டுப் போனது.
கையை வெட்டணும், வேறே வழியில்லே.
ஷூ ஃபென் சிரித்தாள். நான் சில்லறை தேடினேன்.

குணாளன் என் வீட்டுக்காரரின் தம்பி.
கேபிள் திருடினான் என்று கொண்டுபோனார்கள்.
பாலத்துக்கு அக்கரையில் ஒரு லோக்காப்.
நாலாவது நாள் போன் வந்தது.
வயிற்றுப்புண் என்று தாளில் இருந்தது.
அந்த வாரம் பார்த்து கேமரா பழுது.

ஒலியாவது இருக்குமா என்று கேட்டேன்.
அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.
எனக்கு அதுதானே தொழில்.
ஒரு நிமிடம் கொடுத்திருந்தால்
இருமலை வைத்தே ஆளைச் சொல்லியிருப்பேன்,
பூட்ஸ் எத்தனை ஜோடி,
எந்தக் கதவு, யார் முதலில் சிரித்தது.

சாவு வீட்டுப் பந்தலில்
மெதுவாகத்தான் சொன்னார் ஒருவர்,
'சும்மாவா புடிப்பாங்க?'
என் காதுக்கு மெதுவென்று ஒன்றில்லை.

அவரிடம் சண்டைக்குப் போகவில்லை.
போன வருடம் பேப்பரில் வேறொரு பையனின் படத்தைப் பார்த்து
அதே மூன்று சொல்லை
நெத்திலி பொரித்துக்கொண்டே
நானும் சொன்னேன். 'சும்மாவா புடிப்பாங்க?'
குணாளன் அப்போது அடுக்களை வாசலில்
மோட்டார் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றான்.
ஏதோ சொன்னான்.
எண்ணெய் பொரிகிற சத்தம்.
ஒலி தெளிவில்லை.

இரண்டரை மணிக்கு ஒஹாயோவில்
செத்தவரின் மகள் பேசினாள்.
அப்பாவின் முகத்தைவிட இவன் முகம்தான்
எனக்கு அதிகம் பழக்கம் என்றாள்.
அழுகை என்று அடிக்கக் கை போனது.
அவள் அழவில்லை.

கடைசியாக அவனைக் கேட்டார்கள்:
சொல்ல ஏதாவது இருக்கிறதா?

மூச்சு கேட்டது. கால்விலங்கு ஒருமுறை தரையில் உரசியது.
யாரோ கைப்பையை மூடினார்கள்.
அவன் சொல்லிவிடுவான் என்று
நான் திரைக்கு அருகே குனிந்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை கோப்பு திரும்பி வந்தது.
சரிபார்க்கிறவர் மஞ்சள் பூசியிருந்தார்:
'மௌனம், நான்கு நாள்.'
நாற்பத்தொரு வினாடி என்று மாற்றவும்.
தட்டச்சுப் பிழை ஒன்று.

இரண்டு ரிங்கிட் பிடித்தம்.