ரேடியோ ஓடும் வீடு

சால்ட்டோவில் ஆறு பன்னிரண்டு மீட்டரைத் தொட்ட வெள்ளிக்கிழமை
நிபியா என் கடைக்குள் வந்தாள்,
மார்போடு அணைத்த பிளாஸ்டிக் பைக்குள்
நான்கு டெராபைட் ஹார்ட் டிஸ்க்.
அவள் தொப்பலாக நனைந்திருந்தாள்.
டிஸ்க் நனையவில்லை.

உறை பிரித்து வயரை மாட்டினேன்.
திரையில் ஒரு சின்னக் கேள்வி:
எந்த முறையில் பாகம் பிரிக்க?
இரண்டு வட்டங்கள். எம்பிஆர். ஜிபிடி.
ஒன்றைத் தொடாமல்
ஓர் எழுத்தைக்கூட உள்ளே வைக்க முடியாது.
பிற்பாடு மனம் மாறினால்
எல்லாவற்றையும் அள்ளி வெளியே வைக்க வேண்டும்.

"வெளியே வைப்பது எனக்குப் பழக்கம்தான்" என்றாள்.

ஆற்றோரத் தெருக்காரி.
ஒவ்வொரு வெள்ளத்துக்கும்
மெத்தை, அடுப்பு, தையல் மெஷின், நாய்
நகராட்சி லாரியில் மேட்டுக்கு ஏறும்.
நீர் வடிந்ததும் வீடு வீடாகப் போய்ப் படமெடுப்பாள்:
சுவரில் சேற்றுக்கோடு,
கோட்டுக்குப் பக்கத்தில் முதுகு நிமிர்த்தி நிற்கும் வீட்டுக்காரர்.
சிலருக்கு இடுப்பளவு. சிலருக்குத் தலைக்கு மேல்.
பதினேழு வருடக் கோடுகள்
இந்தப் பெட்டிக்குள் போயாக வேண்டும்.

மாத்தே குடுவையை அவளிடம் நீட்டிவிட்டு
பழைய முறையிலிருந்து தொடங்கினேன்.
வாசலில் ஒரே ஒரு துண்டுச்சீட்டு,
அதில் நான்கு பெயருக்குத்தான் இடம்.
ஐந்தாவதாக ஒருவன் வந்தால்
நாலாவது அறைக்குள் தடுப்படித்துப் படுத்துக்கொள்ளலாம்.
இரண்டு டெராபைட்டுக்கு மேல் அதற்கு எண்ணத் தெரியாது;
மீதி இடம் இருந்தும் இல்லாத இருட்டு.
சீட்டு கிழிந்துபோனால்
யார் எங்கே என்று சொல்ல நாதியில்லை.
ஆனால் உன்னுடைய பழைய கணினி
அதை மட்டும்தான் வாசிக்கும்.

"அந்த ஐந்தாவது ஆள் என் அண்ணன் ஓமெரோ.
விவாகரத்தானதும் பலகையடித்து
என் சமையலறையில் இரண்டு வருடம்."

புதியதில்
நூற்றிருபத்தெட்டுப் பெயர் எழுதலாம்.
பட்டியல் தலைமாட்டில் ஒன்று,
அதே பட்டியல் கால்மாட்டில், கடைசி ஓரத்தில், இன்னொன்று.
முன்பக்கம் சிதைந்தாலும்
பின்பக்கம் சாட்சி சொல்லும்.

அவள் ம் கொட்டக்கூட இல்லை.
குழல் காலிக் குடுவையில் கரகரத்தது.
கடிகாரத்தைப் பார்த்தேன். பேச்சை முடித்திருக்கலாம்.
ஏனோ இதையும் சொன்னேன்:

புதிய முறையிலும் முதல் பக்கத்தில்
பழைய பாணியில் ஒரு சீட்டு ஒட்டியிருக்கும்.
விவரம் தெரியாத பழைய கணினி வந்து எட்டிப்பார்த்தால்
"வீடு முழுக்க ஆள் இருக்கிறது" என்று மட்டும் சொல்லும்.
எத்தனை பேர், என்ன பெயர், மூச்சு விடாது.
காலி மனை என்று நினைத்து
உள்ளே புகுந்து வெள்ளையடித்துவிட்டால்?

நிபியா சிரித்தாள்.
இருமல் வரும்வரை சிரித்தாள்.

"லாரி ஏறுமுன் ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் கிளம்புவோம்.
பேட்டரி ரேடியோ. உத்தரத்தில் கட்டித் தொங்கும்.
ராத்திரி படகில் வரும் திருடனுக்கு
உள்ளே யாரோ கால்பந்து கேட்கிறார்கள்.
போன தடவை மூன்று நாள் ஓடியது,
தண்ணீர் ஸ்பீக்கரைத் தொடும்வரை."

மௌஸை என் கையிலிருந்து வாங்கி
இரண்டாவது வட்டத்தை அவளே அழுத்தினாள்.

சோதித்துப் பார்க்க, மூலையில் கிடந்த கிழட்டுக் கணினியில்
அந்த டிஸ்க்கைச் செருகினேன்.
முனகியது, யோசித்தது,
'இனம் தெரியவில்லை, இடம் இல்லை' என்ற மட்டில்
படியேறாமல் நின்றுகொண்டது.
அவள் குனிந்து டிஸ்க்கில் காது வைத்தாள்.
"எந்த ஸ்டேஷன்?" என்றேன்.
"உஷ்" என்றாள்.

பாக்கி எண்ணூறு பெசோ. ஆறு இறங்கியதும் தருவாள்.

என் கடை அவள் தெருவுக்கு நான்கு தெரு மேலே.
அன்றிரவு பதின்மூன்று மீட்டர் என்றார்கள்.
ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு
பாதி வழியில் திரும்பி வந்து,
திறந்து,
ரேடியோவைப் போட்டேன்.
ஏதோ சோப்பு விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.