எட்டு நிமிட வெளிநாடு

பல் மருத்துவம் முடி,
வெளிநாடு அனுப்பி வைக்கிறேன் என்று
ஆறு வருடம் முன்பு
வாய் தவறிச் சொன்னவன் நான்.
அன்றைக்குப் பழுதுபார்க்க வந்த ஃபிரிட்ஜ்கள்
கடை வாசல் வரை வரிசையில் நின்றன.
அந்தத் தைரியம்.

பிறகு தெரிந்த கதைதான்.
ஒரு மழைக்கு ஆறு கடைக்குள் வந்தது.
சுனில்டாவின் பித்தப்பைக் கல் ஒரு தொகை தின்றது.
மூன்றாம் ஆண்டில் கருவிப் பட்டியல் நீட்டினார்கள்:
ஒவ்வொரு இடுக்கியும்
ஒரு விமான இருக்கை விலை.
முதலில் மாட்ரிட் கரைந்தது.
அப்புறம் ரியோ.
அப்புறம், பேருந்தில் போனால்கூட,
புவெனஸ் ஐரிஸ்.

பட்டமளிப்பு விருந்தில்
ஹாஸ்மினுக்கு அவள் அப்பா
பார்சிலோனாவைக் கொடுத்தார், பன்னிரண்டு நாள்.
எல்லோரும் கை தட்டினார்கள்.
நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன்.
மேஜைக்கடியில் சுனில்டா
என் காலை மிதித்தாள்.

என் சட்டைப் பையிலும் ஓர் உறை இருந்தது.
என்கார்னசியோன் முதல் பொசாதாஸ் வரை
இரண்டு ரயில் டிக்கெட்.
பரானா ஆற்றின் மேல் ஒரு பாலம்,
பாலம் முடிந்தால் அர்ஜென்டினா.
பயண நேரம் எட்டு நிமிடம்.
மாவு விலை ஏறினால்
நாங்கள் மாவு வாங்கப் போகிற வெளிநாடு.

மிர்த்தா உறையைப் பிரித்தாள்.
ஸ்பானிய மொழியில் நன்றி சொன்னாள்,
குவரானியில் சிரித்தாள்.
அது எந்தச் சிரிப்பென்று
அன்றிரவு முழுக்கப் புரண்டும்
எனக்குப் பிடிபடவில்லை.

சனிக்கிழமை காலை
சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு நிற்கிறாள்.
கழுத்தைச் சுற்றிப் பயணத் தலையணை வேறு.
"வழியில தூக்கம் வந்தா?" என்கிறாள்.
வெங்காய மூட்டைக்காரி,
அக்கரையில் வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள்,
ஸ்டேஷனே எங்களைத்தான் பார்த்தது.
ஜன்னலோரம் தனக்கென்று சண்டை பிடித்தாள்.
நானும் விடவில்லை.

அடையாள அட்டை போதும் என்றார் அதிகாரி.
இவள் பாஸ்போர்ட்டை நீட்டினாள்.
நான் சொன்ன சொல்லை நம்பி
இரண்டாம் ஆண்டிலேயே எடுத்து
துணிகளுக்கடியில் வைத்திருந்திருக்கிறாள்.
காலாவதியாக இன்னும் ஐந்து வாரம்.
உள்ளே ஒரு கறை இல்லை.
முத்திரை விழுந்த சத்தம்
எனக்குக் கன்னத்தில் கேட்டது.

பொசாதாஸில் என்ன செய்தோம்?
காபி குடித்தோம். விலை கேட்டுத் திகைத்தோம்.
ஆற்றோர பெஞ்சில், ஜூலைக் காற்றில்,
காது சிவக்க உட்கார்ந்தோம்.
எதிரே எங்கள் ஊர்.
எங்கள் கூரையைத் தேடினாள், கிடைக்கவில்லை.
"அழகா இருக்கே, அந்த ஊர்ல யாரு இருக்காங்க?"
சுற்றுலாப் பயணி மாதிரி கேட்டாள்.
"புதுசா ஒரு பல் டாக்டர் வந்திருக்காளாம்," என்றேன்.
"அப்பன்தான் சரியில்லையாம்."
அவள் தலையணையைக் கழற்றி
என் கழுத்தில் மாட்டினாள்.

அந்த வருடம்
அக்கரைக் கடிகாரம் எங்களுடையதைவிட
ஒரு மணி நேரம் முன்னால் ஓடியது.
ஐந்துக்கு ரயில் ஏறினோம்.
இறங்கும்போது எங்கள் ஊரில்
நான்கு மணி எட்டு நிமிடம்.
"நாம இன்னும் கிளம்பவே இல்லப்பா," என்றாள்
மணிக்கூட்டைக் காட்டி.
"பார்சிலோனாக்காரிக்கு இது கிடைக்குமா?"

காலையில் பிடுங்கியதைத்தான்
மாலையில் திருப்பித் தந்தார்கள்.
ஃபிரிட்ஜ்காரனுக்குக் கணக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

பெட்டிக்குள் சுனில்டா எழுதிக் கொடுத்த
பத்துக் கிலோ மாவும் நான்கு போத்தல் எண்ணெயும்.
ஸ்டேஷன் வாசலில்
அதன் மேலேயே இருவரும் நெருக்கி உட்கார்ந்து
கையில் இருந்த ஐம்பத்திரண்டு நிமிடத்தை
மெதுவாகச் செலவழித்தோம்.