ஓர்னா இதை விரும்பவில்லை

"விசிறி கத்துது அண்ணா, வேற ஒண்டுமில்லை" என்று
லப்ரொப்பை மேசையில் வைத்துப் போனாள் பிறின்சியா.
ரசீதில் குருநகர் என்று எழுதினேன்,
நாளை பின்னேரம் என்று எழுதினேன்.
ஸ்ரான்லி வீதி முழுக்கத் தார் மணக்கிற வெயில்.

திறந்தால் தூசு, பூனை மயிர்,
குடித்தனம் நடத்தும் எறும்புகள்.
துடைத்து, பசை பூசி, மூடினேன்.
பிறகு வழமைபோல
உள்ளே இருப்பதில் ஆகப் பாரமானதை ஓடவிட்டுச்
சூடு பார்க்கவேண்டும்.
பாரமானது ஒரு விளையாட்டு.
தொண்ணூற்று மூன்று மணித்தியாலம் என்றது.
தொடரவா என்றது.

காட்டுக்குள் நெருப்பு. சுற்றிவர நாலுபேர்.
தொர்மன் பேசமாட்டான்,
எதைக் கேட்டாலும் கேடயத்தில் இரண்டு தட்டு.
சாபத்தில் பாதி மரமாகிப்போன வைத்தியன் இல்மர்,
தோளில் புதுத் தளிர்.
வீசல் என்றொரு கள்ளன். என்னைக் கண்டதும்
"இன்றைக்கு உன் நடை வேறாய் இருக்கிறதே" என்றான்.
எல்லாருக்கும் சொல்கிற வசனம்தான்,
என்றாலும் கதிரையில் நிமிர்ந்து இருந்தேன்.
நாலாவது ஓர்னா. வில்லுக்காரி.
நெருப்புக்குத் தள்ளி, முதுகு காட்டி.

பைகளைப் பார்த்தேன். பார்க்கக்கூடாதுதான்.
நல்ல வாள் தொர்மனிடம்,
நல்ல மோதிரம் கள்ளனிடம்,
தன் ஆளுக்கு ஒரு துருப்பிடித்த கத்தியை
வைத்துக்கொண்டிருக்கிறது இந்தப் பிள்ளை.
ஓர்னாவுக்கும் எல்லாம் இருந்தது,
காலுக்கு மட்டும் ஒன்றுமில்லை.
வெளியே பனி கொட்டுகிறது.
பையில் ஆறு சோடி சப்பாத்து சும்மா கிடக்கிறது.

மறந்துபோனாளாக்கும் என்று
உள்ளே மயிர்வைத்துத் தைத்த ஒரு சோடியை எடுத்து
மாட்டிவிட்டேன்.

மேலே இடது மூலையில், சின்ன எழுத்தில்:
ஓர்னா இதை விரும்பவில்லை.

எங்கட ஊரில ஒருத்தருக்கு ஒண்டு பிடிக்கேல்லை எண்டா
அது மூண்டு வீடு சுத்தி,
ஒரு கலியாணப் பந்தியில சோறோட பரிமாறுப்பட்டு,
ஆறு மாதம் கழிச்சுத்தான் எங்களிட்ட வரும்.
வரேக்க அது வேற ஒண்டாயிருக்கும்.
இப்படி உடனே,
பெயர் போட்டு,
முப்பத்தாறு வயதில் முதல்தரம்.

கழற்றிப் பார்த்தேன். எழுத்து ஒன்றும் வரவில்லை.
கோபம் கழற்றினால் போகிற சாமானில்லை.
வெளியேற அழுத்தினேன். சேமிக்கவா என்றது.
இல்லை.
அந்த நாலு பேருக்கும் நான் நடக்கவேயில்லை.

மற்றநாள் வந்தாள்.
விசிறியில் காதை வைத்துக் கேட்டாள். "நல்லம்."
இரண்டாயிரத்து ஐந்நூறு என்றேன்.
அதோடு வாயை மூடியிருக்கலாம்.
"அந்த வில்லுக்காரிக்கு ஏன் தங்கச்சி செருப்பில்லை?"

ஒரு மினிபஸ்
மானிப்பாய் மானிப்பாய் என்று கத்திக்கொண்டு போய் முடிகிற வரைக்கும்
என்னைப் பார்த்தாள்.
நான் மேலே இடது மூலையைப் பார்த்தேன்.
போன மாதத்துக் கலண்டர்.

"நேர்த்தி" என்றாள்.
"என்னத்துக்கு?"
"சொல்லுறாள் இல்லை.
தொண்ணூற்று மூண்டு மணித்தியாலமாய்க் கேக்கிறன்.
மற்ற மூண்டு பேரும் எல்லாத்தையும் கொட்டிப்போட்டினம்,
தொர்மன்கூட ஒருநாள் வாய் திறந்தவன்.
இவள் மட்டும் இல்லை.
அதாலதான் எனக்கு இவள்."

காசை எண்ணி வைத்தாள். ஐம்பது ரூபா கூட.
மிச்சம் எடுக்க லாச்சியைத் திறந்து நிமிர்ந்தால்
வாசலில் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறாள்.

கழற்றிவிட்டு வரச்சொல்லி
என் கடையில் நான் ஒருநாளும் எழுதி ஒட்டியதில்லை.