சாய்கோடு

ஜெகதேவி சாலையில் எங்கள் பட்டறை.
எழுத்துக்கு நாலு ரூபாய் எனக்கு.
புள்ளி, கமா, தலைக்கோடு எல்லாம் ஓசி.

ஆர்டர் எண் 1147.
கருப்புக் கிரானைட், கல்லறைப் பலகை,
பெயர் மர்செல் கெர்லுவான்.
பழைய படையாட்கள் சங்கம் அனுப்பிய வாசகம்:
வீரன். ஆப்பிரிக்காவின் நண்பன்.
களத்தில் கொல்லப்பட்டவன்.

யார் இவன் என்று போனில் தேடினேன்.
கூலிப்படை என்று வந்தது தமிழில்.
எட்டிப் பார்த்த திம்மராயன்
"கூலின்னா நம்ம ஆளுதான்" என்றான்.
சிரித்துவிட்டேன்.
அதற்குப் பிறகு படம் வந்தது.
ஜீப்பின் மேல் கால் வைத்து நிற்கிறான்,
பின்னால் தகரக் கூரைகள் எரிகின்றன.
பாதி வாயில் நின்றது சிரிப்பு.

எலத்தகிரி கிளமெண்ட்தான் எங்களுக்குப் பிரெஞ்சு,
பள்ளியில் ஒரு ஃபாதரிடம் கற்ற அரைகுறை.
"கடைசி எழுத்துக்கு மேலே சாய்கோடு, பார்த்து வெட்டு.
இருந்தா கொல்லப்பட்டவன்.
இல்லாட்டி கொல்கிறான்."

எழுத்து நாலு ரூபாய்,
கோடு ஓசி.

ரப்பர் ஒட்டி, மணல் அடித்து
முதல் வரி பாதி இறங்கியபோது
அவன் தங்கையின் மெயில்:
களத்தில் இல்லை, முதியோர் இல்லத்தில் செத்தான்.
கடைசி இரண்டு வருடம் என் பெயரே தெரியாது அவனுக்கு.
பொய்யைக் கல்லில் போடாதீர்கள்.

வாரம் கழித்து இன்னொன்று,
அவன் பிடித்து ஆண்ட ஊரிலிருந்து.
எங்கள் முகவரி எப்படிக் கிடைத்ததோ.
என் அப்பா வாத்தியார்.
கிணற்றடியில் நிற்க வைத்துச் சுட்டார்கள்.
நண்பன் என்று வெட்டப் போகும் கை
இதைத் தெரிந்துகொண்டு வெட்டட்டும்.

அதே ஊரிலிருந்து ஒரு பெண்ணும் எழுதினாள்.
காலரா வருடம் மருந்து லாரி கொண்டுவந்தவர் அவர் ஒருவர்தான்.
என் மகனுக்கு மர்செல் என்று பேர்.

ஓனர் எல்லாவற்றையும் வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.
"பில் கட்டுறது யாரு?" என்றார் கடைசியில்.

எங்கள் மாந்தோப்பின் வேலிக்குள்
ஒரு வேடியப்பன் நிற்கிறான்.
வில், குறுவாள், தைத்த மூன்று அம்பு,
காலடியில் முயல் அளவுக்கு மாடுகள்.
தலைக்கு மேல் வட்டெழுத்து.
படியெடுக்க வந்த தொல்லியல்காரர்
மாவு தடவி, சாய்ந்து, படுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
தொறு என்று இருக்கிறது, மாட்டு மந்தை.
பட்டான் என்று இருக்கிறது.
நடுவில் இருந்த சொல் பொரிந்துவிட்டது.
கொண்டு பட்டானா, மீட்டுப் பட்டானா,
திருட வந்தவனா, தடுத்து நின்றவனா,
சொல்ல முடியாதம்மா.

தை மாதம் அவனுக்குக் கிடா வெட்டுகிறோம்.
மாடு பறிகொடுத்தவர்களின் வழியில்
நாங்கள் வந்திருந்தால்
யாருக்குப் பொங்கல் வைத்துக்கொண்டிருக்கிறோம்?
அம்மாவிடம் கேட்டேன்.
"ஆயிரம் வருசம் சோறு தின்னவன்
இனிமே நம்மாளுதான்" என்றாள்.
அந்த ஆயிரம் வருடம்
கிணற்றடி மகனிடம் இல்லை.

புதிய வாசகம் வந்தது.
பணம் கட்டியவள் தங்கை.
பெயர், இரண்டு வருடம், நடுவில் ஒரு கோடு.
வேறு எதுவும் வேண்டாம்.
பத்து வார்த்தைக்கு இடம் விட்ட கல்லில்
முப்பது எழுத்துகூடத் தேறவில்லை எனக்கு.

வெட்டியதை அழிக்கத்
திம்மராயன் மிஷின் போட்டான்.
நாலு மில்லி இழைக்க வேண்டியிருந்தது.
வீரன் முதலில் போனான்.
நண்பன் கொஞ்சம் ஆழம்,
இரண்டாம் முறை ஓட்டியும்
ஈரத்தில் சாய்த்துப் பார்த்தால் நிழலாகத் தெரிந்தான்.
மூன்றாம் முறை அதுவும் இல்லை.

லாரி சென்னைக்குக் கிளம்பியது.
பாலிஷ் சேறு குழாய் வழியாக
பின்பக்கக் குட்டைக்கு ஓடிக்கொண்டிருந்தது,
பால் மாதிரி, சாம்பல் நிறத்தில்.
யாருடையது என்று தெரியாத நாலு மாடுகள்
குடிக்க இறங்கின.

கையில் இருந்த சட்டத்தை வீசிக்கொண்டு
கத்தியபடி ஓடினேன்.