இடைச்சொல்

வேலந்தாவளம் சோதனைச் சாவடியில்
லாரிச் சக்கரங்களுக்கு மருந்தடிக்கிற வேலை எனக்கு.
பறவைக் காய்ச்சல் மாதம். பலகையில்
கோழி அல்லது முட்டை கொண்டுவர அனுமதி இல்லை.

இரண்டையும் ஏற்றிவந்த தத்தமங்கலத்து டிரைவர்
இறங்கி நிதானமாகப் படித்தான்.
"ரெண்டுல ஒண்ணுதானே கூடாது?
எதுன்னு சொல்லுங்க, எறக்கிடறேன்."
அபராதச் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டேன்:
'இல்லை'யை வாசலிலேயே நிறுத்த வேண்டும்,
'அல்லது' உள்ளே நுழையும் முன்.

ராத்திரி அதை ரம்லத்துக்கு அனுப்பினேன்.
கொழிஞ்சாம்பாறையில் கணக்கு டீச்சர்.
மூன்று வருடமாக நாங்கள் ஒரு மொழி கட்டிக்கொண்டிருந்தோம்,
சந்தேகத்துக்கு இடமில்லாத மொழி,
பேச ஆளும் இல்லாத மொழி.

'உம்'மில் தகராறில்லை.
அவள் மலையாளத்துக்கும் என் தமிழுக்கும் நடுவே
பர்மிட் கேட்காமல் போய்வருவது அது.
'ஓ'வில்தான் ஓணம் விடுமுறை முழுக்கப் போயிற்று.
டீயோ காப்பியோ என்றால்
இரண்டும் வந்தால் குடிக்கலாமா கூடாதா?
கடைசியில் குறிலுக்கு ஒன்றே,
நெடிலுக்கு இரண்டும் ஆகலாம் என்று முடித்தோம்.

இணைப்பு முதலிலேயே வரட்டும் என்பாள்,
எத்தனை பை தூக்கணும் என்று கேட்பவனுக்குத் தெரியட்டும்.
எனக்குப் பேசப் பேசத்தான் அடுத்தது தோன்றும் என்பேன்.
என் பக்கம் விட்டுக்கொடுத்தாள்.

இரண்டு வாக்கியத்தை இணைக்கப் பதினாறு வழி.
பத்தை நான் அடித்தேன்.
ஒன்றை மட்டும் அடிக்க விடவில்லை:
முதலாவது நடக்கும், இரண்டாவது எப்படியானாலும்.
"அப்புறம் இரண்டாவதை எதுக்குச் சொல்லணும்?"
"மழ பெய்தாலும் பெய்யாட்டியும் பால் வண்டி வருது.
மழையைச் சொல்லாம எப்படி?"
லூ என்று பெயரும் வைத்தாள்.

எந்த இணைப்பு என்று கேட்க ஒரு சொல் உண்டு, கே.
பதிலாக இணைப்புச் சொல் மட்டும் வரும்.

தை மாதம் எனக்கு மாற்றல்.
ஆந்திர எல்லை, ஆரம்பாக்கம்.
எங்கள் மொழியில் எழுதினேன்:
நான் போகிறேன் கே நீ வருகிறாய்.

உம் வருமென்று இருந்தேன்.
ஓ வந்தாலும், குறிலோ நெடிலோ, பேசிக்கொள்ளலாம்.

பதினொன்றரைக்கு வந்தது.
லூ.

வரிசையை மாற்றிப் படித்துப் பார்த்தேன்.
முடியாது. நான்காம் பாகம், ஒன்பதாம் விதி,
அந்த ஓட்டையை அடைத்தவன் நான்தான்.

வெளியே பால் வண்டி ஹாரன் அடித்தது.
மழை இல்லை.