கோடு சற்றே விலகியிருக்கிறது

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குச் சரிமட்டத்தில் எங்கள் வகுப்பு.
ஜன்னலோரம் உட்கார்ந்தால்
களியக்காவிளை பஸ்ஸில் போகிறவர்
என் திரையைப் பார்த்துக்கொண்டே போவார்.
லெவல் இரண்டு என்றால் என்ன என்று வினிஷா மிஸ் கேட்டபோது
நான் பஸ்ஸைக் காட்டினேன்.
பாலிடெக்னிக் பிள்ளைகள் சிரித்தார்கள்.
மிஸ் சிரிக்கவில்லை. "சரிதான், தரை பூஜ்யம், பஸ் ஆறு மீட்டர்" என்றாள்.

முதல் நாளே ஏதோ ஒரு பெருக்கல் குறியை அமுக்கிவிட்டேன்.
இடதுபக்கப் பலகை மொத்தமும் போயிற்று,
சுவரின் உயரம் கனம் பெயர் எல்லாம் அதில்தான் இருந்தது.
கேட்க வெட்கம்.
இரண்டு மணி நேரம்
பெயரில்லாத சுவர்களாகக் கட்டிக்கொண்டிருந்தேன்.

மவுஸின் சக்கரம் என் விரலுக்கு மிகச் சிறிது.
தோஹாவில் பன்னிரண்டு வருஷம்
பதினாறு எம்எம் கம்பி வளைத்த விரல்.
லேசாக உருட்டினால் வீடு எள்ளாகிறது,
இன்னும் லேசாக, எள்ளும் இல்லை.
"எஸ்கேப்பை ரெண்டு தரம் தட்டுங்க அங்கிள்" என்கிறான் பக்கத்து சீட் அஜின்.
வெளியே வர இரண்டே தட்டு!
அங்கே எனக்குப் பாஸ்போர்ட் கைக்கு வரவே நாலு மாசம்.

சுவரை அழித்தால் அதிலிருந்த ஜன்னலும் போகும்.
அழிப்பது வேறு, மறைப்பது வேறு.
கீழே ஒரு பல்பு உண்டு, அதை எரியவிட்டால்
மறைத்ததெல்லாம் கருஞ்சிவப்பில் எழுந்து நிற்கும்.
அரை மணிக்கொரு தரம் பெட்டி ஒன்று கேட்கும்:
நீங்கள் இன்னும் சேமிக்கவில்லை, இப்போது சேமிக்கலாமா?
வாய்க்குள் சொல்வேன்: அதுக்குத்தானடே போனேன்.

மூன்றாம் வாரம்,
உத்திரமும் ஏசி குழாயும் முட்டும் பாடம்.
முட்டிய இடம் சிவந்தது.
மிஸ் குழாயைப் பிடித்து ஒரு சாண் கீழே இழுத்தாள்.
அவ்வளவுதான்.
நான் எழுந்துபோய்ச் சாயா குடித்தேன்.
ஆறாவது மாடி, ஆகஸ்ட் வெயில்.
நானும் ஒரு பீகார்காரனும் மூன்று நாள் உடைத்த உத்திரத்தின் தூசி
ராத்திரி குப்பூஸில் கடிபட்டது.
எங்கேயோ குளிர்ந்த அறையில் ஒருத்தன்
இந்தச் சிவப்பைப் பார்க்காமல்
எழுந்துபோய்ச் சாயா குடித்திருக்கிறான்.

கடைசிப் பயிற்சிக்கு அவரவர் வீடு.
பாகோட்டில் என் பணம் வீடாகி ஏழு வருஷம்,
அதன் அளவு எனக்குத் தெரியாது.
டேப்பின் ஒரு நுனி ஸ்டெல்லாவிடம், மறுநுனி என்னிடம்.
கிழக்கு அறை முன்பக்கம் பன்னிரண்டடி,
பின்பக்கம் பதினொன்றே முக்கால்.
திரும்பவும் பிடித்தோம். அதேதான்.
வரைந்ததும் மஞ்சள் பெட்டி எழும்பியது:
கோடு அச்சிலிருந்து சற்றே விலகியிருக்கிறது, பிழைகள் நேரலாம்.
"நேராக்கிடுங்க அங்கிள், கொத்தனார் விட்ட பிழையா இருக்கும்."

கொத்தனார் பிழையில்லை.
வாணம் தோண்டிய அன்று கிழக்கு விளைக்காரன்
கயிற்றை மிதித்து நின்றிருக்கிறான்.
கோர்ட்டுக்குப் போனால் வீடு நிற்கும்.
மூன்று இஞ்சு விட்டுக்கொடுத்தது இவள்.
சுவர் நேரா வருதா என்று வெள்ளிக்கிழமைதோறும் போனில் கேட்பேன்.
நேரா வருது என்பாள்.
"சொல்லியிருக்கலாமே" என்றேன்.
"சொன்னா நீங்க அங்க கிடந்து உறங்குவியளா?"
என்று சாளைமீனைத் திருப்பிப் போட்டாள்.

இன்று அந்தச் சுவரைத் தொட்டேன், நீலமாயிற்று.
பின் ஒன்று உண்டு, குத்தினால் சுவர் நகராது.
குத்தினேன்.
மஞ்சள் பெட்டியை மூடினேன்.
வெளியே நெரிசல், லெவல் இரண்டில் பஸ் நிற்கிறது.
ஜன்னல் சீட்டில் ஒரு பெண்
என் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.
சக்கரத்தைப் பைய உருட்டி
கொஞ்சம் பெரிதாக்கிக் காட்டினேன்.