பொருள் எண் 41

களியக்காவிளைச் சாவடியில் லாரியை ஓரங்கட்டி
‘உள்ள என்ன?’ என்றார்கள்.
‘ஒண்ணுமில்ல சார். ஒரு குழி.’
‘குழிக்கு எதுக்குடே நாலு பெட்டி?’

குழித்துறையில் ரப்பர்ஷீட் கிடங்காயிருந்து
மியூசியமான கட்டடம்.
புகை வாடை இன்னும் போகவில்லை.
பெட்டிகளை அங்கேதான் பிரித்தோம், வைக்கோலோடு.
சுண்ணாம்புக்கல், பதினாலாம் நூற்றாண்டு,
பிரான்சில் இடிந்த ஏதோ தேவாலயத்தின் சுவர்மாடம்.
புனிதர் வரவில்லை.
இரண்டு பாதங்களின் முன்பாதி மட்டும் பீடத்தில்.

ரசல்ராஜ் சார் எண் பார்த்து அடுக்கினார்.
கூர்ந்தெழும் வளைவு, மேலே சுருண்ட இலைகள்,
வலது ஓரம் ஒரு நாய்முகம்
எழுநூறு வருடமாய்க் கொட்டாவி விடுகிறது.
கடைசிக் கல் ஏறும்வரை அங்கே சும்மா காற்று.
ஏறிய பிறகு
அதே காற்றுக்கு ஒரு முதுகு வந்தது.

‘இதுல யாரு நின்னாங்க?’
பள்ளிப் பிள்ளைகள் கேட்பார்கள்.
‘உன் பேரென்ன?’ என்பாள் லில்லிபுஷ்பம்.
‘ஷெரின்.’
‘அப்ப புனித ஷெரின்.’
ஒரே நாளில் பதினோரு புனிதர்கள் நின்றதுண்டு
அந்த அரைப் பாதங்களில்.

ஜூன் மழைக்கு முந்தின வாரம்
வென்டிலேட்டர் வழியாக ஆற்றுமண் சுமந்து
ஒரு குளவி.
‘குளவி கூடு கட்டினா பிள்ளை பிறக்கும்’ என்றாள்.
மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.
சாருக்கு மார்ச்சில் ஓய்வு.
அவளுக்கு நாற்பத்தொன்பது.
நான், பெண் பார்க்கப் போன வீட்டிலெல்லாம்
காப்பி குடித்துவிட்டு வந்தவன்.
கொட்டாவி விட்டது நாய்.

சுரண்டிவிடச் சொல்லி உத்தரவு.
பிரஷ்ஷும் மூங்கில் குச்சியுமாய் ஏணியில் ஏறினேன்.
புனிதரின் முழங்கை இருந்திருக்க வேண்டிய மூலையில்
மண் இன்னும் காயவில்லை.
நகம் அளவு வாய்.
டார்ச் அடித்தேன்:
உள்ளே ஒரு பச்சைப் புழு,
கொட்டு வாங்கியும் சாகாமல்,
தன்னைத் தின்னப் போகிறவனுக்காகக்
காத்துக் கிடந்தது.

எவ்வளவு நேரம் நின்றேனோ, கால் மரத்தது.
குச்சியைச் சட்டைப்பையில் செருகி இறங்கினேன்.
பதிவேட்டில் ‘சுத்தம் செய்யப்பட்டது’.
கையெழுத்து என்னுடையதுதான்.

மறுநாள் ஆறாம் வகுப்பு வந்தது.
‘அக்கா, இதுல யாரு?’
லில்லிபுஷ்பம் பேர் கேட்கவில்லை.
உதட்டில் விரல் வைத்தாள்.
‘சத்தம் போடாத மக்களே.
ஆள் இருக்கு.’